தங்கத்தில் பேசி லிராவில் எழுதியது

— வாசல்ல நிக்க வெச்சே தலாக் சொல்லிட்டு கையில ஒரு பையைக் குடுத்தான், பாபா. "இந்தா, தலாக் சொன்னா குடுக்கணும்னு எழுதின பின்மஹர், பத்துக் கோடி லிரா, எண்ணிக்கோ"ன்னான் உங்க மாப்பிள்ளை.

— பத்துக் கோடின்னா லேசா, ரிஹாப்? உன் நிக்காஹ் அன்னைக்கு அந்தத் தொகையைக் கேட்டு இந்தத் திரிப்போலியே வாயைப் பொளந்துச்சு.

— அன்னைக்கு அது அறுபத்தாறாயிரம் டாலர். இன்னைக்கு ஆயிரத்து நூறு. கரண்ட் வராத ஊர்ல பத்து மாச ஜெனரேட்டர் காசு. எதிர்வீட்டு வஃபா சொல்லிச் சிரிக்கிறா, பழைய காரை மாத்துறதைவிடப் பொண்டாட்டியை மாத்துறது இப்ப மலிவாம்.

— அவ வாயில மண்ணு. உனக்குப் பணம்தானே வேணும்? என் பென்ஷன் வரட்டும், பாதி எடுத்துக்கோ.

— உங்க பென்ஷன்ல பாதி எடுத்தா பிள்ளைங்க ரெண்டுக்கும் ஒரு வாரம் ரொட்டி வரும். வாடகைக்கு ஒரு ரூம் வராது. எனக்குப் பணம் வேண்டாம். நாளைக்குக் காலைல ஷரியா கோர்ட்டுக்கு வாங்க.

— நான் எதுக்கு?

— மாப்பிள்ளை வீட்டுல நூத்தைம்பது தங்க லிரா நாணயத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, நான்தான் காகித லிராவுல எழுதச் சொன்னேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். சாட்சி நின்னா தங்கத்துலயே கணக்குப் பாக்கலாம்னு காஜி சொல்லிட்டாரு.

— காபி எடுத்துக்கங்க, மாமா. அண்ணி, உங்களுக்குச் சீனி போடலை.

— வெச்சுட்டுப் போ, லமீஸ். கதவைச் சாத்திக்கோ.

— மருமக கேட்டா என்ன, பாபா?

— கேக்க வேண்டாம், உள்ள இருக்கிற உங்கம்மாவும்தான். தங்கம் பேசினதை உனக்கு யார் சொன்னா?

— ஷவ்கத் மாமா. "தங்கமாவே இருக்கட்டும் மச்சான்"னு சபைல உங்க கையைப் பிடிச்சாராமே. அவர் கோர்ட்டுக்கு வர்றேன்னுட்டாரு.

— உங்கம்மா தம்பிக்குச் சபைல கையைப் பிடிக்கிறதுதான் வேலை. முப்பது வருஷம் நிதித் துறைல உக்காந்தவன் நான். என் பொண்ணுக்கு நானே தங்கம் கேட்டா, இவன் அரசாங்கத்துக் காசை இவனே நம்பலைன்னு சிரிக்க மாட்டாங்களா?

— நம்பினீங்களா?

— காபி கசக்குது.

— காபி எப்பவும் கசக்கும். நம்பினீங்களா?

— வேலை பாக்குறவன் நம்பித்தான் ஆகணும்.

— என்ன வேலை! பன்னெண்டு வருஷம் பட்ஜெட்டே போடாத நாட்டுல பட்ஜெட் பிரிவு.

— சிரி. நாங்களும் சிரிச்சோம். வரவு ஆறு, செலவு பத்து. மீதி நாலுக்கு எங்க போறதுன்னு கேட்டா மேல இருக்கிறவன் "கடன் வாங்கு"ம்பான். ஜனங்க நம்பிப் போட்ட டாலரை பேங்க் எடுத்து நீட்டும். அதுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். டாலர் தீர்ற அன்னைக்கு அச்சு மெஷின்தான் பாக்கின்னு எங்க ஆபீஸ் வாட்ச்மேனுக்கே தெரியும். நோட்டை அச்சடிக்கலாம், கோதுமையை அச்சடிக்க முடியுமா? நோட்டு பெருகினா ரொட்டி விலைதான் ஏறும்.

— அப்போ தெரிஞ்சேதான் எழுதினீங்க.

— எப்போ விழும்னு தெரியாது. விழும்னு தெரியும்.

— பாபா, நான் இதை வீம்புன்னு நெனச்சேன். வீம்பா இருந்தா மன்னிச்சுடலாம்னு படியேறி வந்தேன். தெரிஞ்சு எதுக்கு எழுதினீங்க?

— உன் நிக்காஹும் உன் தம்பி நிக்காஹும் எந்த வாரம்?

— ஒரே வாரம். எனக்குத் திங்கக்கிழமை, பாஸிலுக்கு வியாழக்கிழமை. அதுக்கென்ன?

— திங்கக்கிழமை நாம மஹர் வாங்குற பக்கம். வியாழக்கிழமை குடுக்குற பக்கம். லமீஸோட அப்பன் இருநூறு தங்க லிரா கேட்டு ஒத்தைக் கால்ல நின்னான். உன் ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அவனை மடக்கினேன். "என் சொந்தப் பொண்ணுக்கே காகித லிராதான் எழுதியிருக்கேன், பாரு"ன்னேன். அவன் தலையாட்டிட்டான்.

— என்னைத் தூண்டில்ல மாட்டி மீன் பிடிச்சிருக்கீங்க.

— கரையிற காசுல எழுதினா பையன் தலையில பாரம் இருக்காதுன்னு பாத்தேன். உன் புருஷன் நல்லவனாத் தெரிஞ்சான். இப்படி ஆகும்னு யார் கண்டா?

— சரி. ஆனது ஆச்சு. இதை அப்படியே நாளைக்குச் சொல்லுங்க.

— முடியாது.

— உங்க பேரப்பிள்ளைங்க தெருவுல நிக்குது, பாபா.

— என் வீடும் தெருவுக்கு வரணுமா? குரலைத் தாழ்த்து. பாஸில் குவைத்துல இன்னொருத்தியைப் பாத்துட்டான். அடுத்த மாசம் வந்து லமீஸுக்கு தலாக் சொல்லப்போறான். உன் வழக்குல தங்கம்னு தீர்ப்பாச்சுன்னா அவ அப்பனும் அதே கோர்ட்டுல வந்து நிப்பான். இருநூறு தங்க லிராவுக்கு நான் எங்க போவேன்?

— பாவி மக்கா. அவளுக்கு இது தெரியுமா?

— தெரியாது. அவன் வர்ற வரைக்கும் தெரியவும் வேண்டாம். நீ அழாமப் போ. ஷவ்கத் ஒருத்தன் சாட்சி சொல்லி எதுவும் நிக்காது. அவனோட இன்னொரு ஆம்பளை வேணும். அது நான்தான். நான் வர மாட்டேன்.

— இன்னொரு ஆம்பளை கிடைக்கலைன்னா ரெண்டு பொம்பளைங்க வந்தாலும் காஜி ஒத்துக்குவார், மாமா. கதவை நான் சாத்தலை. அத்தையும் இங்கதான் நின்னு கேட்டாங்க, இப்ப ஷவ்கத் மாமா வீட்டுக்குப் போகச் செருப்பு மாட்டிக்கிட்டிருக்காங்க.