பம்பருக்கு அடியில் ஒரு வாய்

பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன்: எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன்னால் அது ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி வண்டிகளுக்கு வியாதியே கிடையாது ஐயா. ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும், காற்று போகிற ரப்பர் குழாய் எங்கேயாவது வெடித்திருக்கும். பெரிய செலவில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியை இளமையாக்கிவிடலாம்.

என் சகலையின் வண்டியும் அப்படித்தான் இருந்தது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். கோழித்தீவன வியாபாரம். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அந்த வண்டி இருமுகிற இருமலுக்குத் தெருநாய்கூட ஒதுங்கி வழிவிடும். நான் பைப் கடையில் விற்பனையாளன். அதனால் அவன் எனக்கு வைத்த பெயர் ‘குழாய்’. என்னைவிடச் சின்னவன்தான், ஆனால் நல்ல தமாஷ் பேர்வழி. மாமியார் வீட்டுக்குள் அவன் நுழைந்தால் மின்விசிறி போட்ட மாதிரி எல்லார் முகமும் குளிர்ந்துவிடும்.

“என்ன குழாய், இன்னைக்கு எங்கயும் ஒழுகலையா?” என்பான்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மாமா பொத்தாமலே சிரிப்பார். நானும் சிரிப்பேன். நன்றாக இருந்தால் சிரிக்கத்தானே வேண்டும். ஒருநாள் என் மகளும் சிரித்தாள். அதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொண்டேன்.

“அவர் விளையாட்டுக்குச் சொல்றாரு, மனசுல வச்சுக்காதீங்க” என்றாள் மனைவி. நான் வைத்துக்கொள்ளவில்லை. வண்டியைச் சரிபண்ணித் தருகிறேன் என்று நானாகத்தான் போய்க் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஃபில்டர் டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு குவியல் தூசி, கோழி இறகுகள், கூடவே ஒரு செத்த பல்லி. சகலை அதைக் குச்சியால் தூக்கிப் பிடித்து, “இவர்தான் இத்தனை நாளா என் வண்டியை ஓட்டிக்கிட்டு இருந்திருக்காரு” என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம். புது ஃபில்டர் போட்டேன். வெடித்த ரப்பரை வீசிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாயை எல்போ வைத்து வளைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.

பழைய குழாயின் வாய் பானெட்டுக்குள்ளே, உயரத்தில், பாட்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. எஞ்சின் சூட்டில் வெந்த காற்றைத்தான் அது குடித்துக்கொண்டிருந்தது. சூடான காற்றில் வலு கிடையாது. அந்த வாயை நான் கீழே இறக்கி, முன்பக்கப் பம்பருக்கு அடியில் வைத்தேன். வண்டி ஓட ஓடக் குளிர்ந்த காற்று தானாக வந்து விழும்.

ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டிருந்த மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியது. சகலை ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தான். “குழாய், நீ பெரிய ஆளுடா” என்று என் முதுகில் அறைந்தான். அந்த ‘டா’வை நான் பெரிதுபடுத்தவில்லை. சந்தோஷத்தில் வருவதுதான்.

அவன் வீட்டுக்கும் எங்கள் மாமியார் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. அதைக் கடக்கத் தரைப்பாலம். மழைக்காலத்தில் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும். அவன் வண்டி உயரமானது, முழங்கால் தண்ணீரில் விசிலடித்துக்கொண்டே வந்துவிடுவான். காற்றுக்குழாயின் வாயை முதலில் ஏன் அவ்வளவு மேலே வைத்திருந்தார்கள் என்று கேட்டீர்கள். வண்டியைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தாழ்வாக இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்து எஞ்சின் அங்கேயே செத்துவிடும், மறுபடி கிளம்பாது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். தெரியும். குழாயை அறுக்கும்போதே தெரியும்.

ஆனால் நான் நினைத்ததெல்லாம் ஒரு விளையாட்டு. ஆற்று நடுவில் வண்டி நிற்க வேண்டும், நான் கயிறு வீசி அவனைக் கரையேற்ற வேண்டும், மாமியார் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேண்டும். இந்தத் தடவை அவனைப் பார்த்து. தமாஷ் என்றால் எல்லாருக்கும் ஒரு முறை வர வேண்டாமா?

நடுவில் மனசு கேட்காமல், வாயைப் பழையபடி மேலே ஏற்றிவிடலாம் என்று ரம்பத்தோடு அவன் கிடங்குக்குப் போனேன். நிஜமாகவே போனேன். சகலை என்னைப் பார்த்ததும் மூட்டை தூக்குகிறவர்களிடம், “நம்ம வீட்டுக் குழாய் வந்திருக்கு, யாராவது வாளி வைங்கடா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் போன் செய்தேன். “மாப்ளே, மாமா உன்னை உடனே வரச் சொல்றாரு.” மாமா அப்போது சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டால் அவன் வருவானா? கடையிலிருந்து புது நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். கொல்லப் போகிறவன் கயிறு கொண்டு போவானா, நீங்களே சொல்லுங்கள்.

வண்டி பாலத்தில் இறங்கியது. நடுப்பாலம் வருவதற்குள் ஒரு விக்கல், அவ்வளவுதான், சத்தம் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

“குழாய், உன் வேலை கழுத்தறுத்துடுச்சுடா” என்று சிரித்தான்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகவே வெளியே வந்து கூரைமேல் ஏறி உட்கார்ந்தான். வண்டி மெல்லப் பாலத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது. “டேய், கயித்தைப் போடு” என்றான். கயிறு என் கையில்தான் இருந்தது. சுருளைப் பிரித்தும் வைத்திருந்தேன். எட்டுகிற தூரம்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, “சகலை, கயித்தைப் போடுங்க” என்றான். பரவாயில்லை, மரியாதை பழகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துச் சக்கரம் பாலத்தை விட்டு இறங்கியது. அப்போது அழுதுகொண்டே கூப்பிட்டான், “அண்ணே, அண்ணே” என்று. பிறகு வண்டி புரண்டது.

அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை ஐயா. கயிற்றை வீசத்தான் நின்றேன். அந்த வார்த்தை அவன் வாயில் அவ்வளவு அழகாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டுவிட்டு வீசலாம் என்று இருந்தேன்.