சந்தனம் வைத்த சோலார் செல்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“நான் வச்ச சந்தனப் பொட்டுலதான் செத்துப்போச்சுக்கா.”

ஏதோ நாய்க்குட்டி என்று நினைத்தேன்.

“எதுட்டி?”

“லேப்ல நான் செஞ்ச சோலார் செல்லு, பெரோவ்ஸ்கைட்னு ஒரு பூச்சு பூசினது. மத்ததெல்லாம் ஒரு வாரங்கூடத் தாங்கல. இது ஒண்ணுதான் மூணு மாசமா கரண்டு குறையாம நின்னுச்சு.”

“ஈரம் பட்டா பூச்சு மஞ்சளாகிப் போயிரும்னு நீதான சொல்லுவ?”

“ஆமா. ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சேன். அம்புட்டு நாள் உழைச்சதுக்கு மட்டும் வைக்காம விட மனசு வரல. ஓரத்துல, சின்னதாத்தான் வச்சேன்.”

“உடனே தொடச்சிருக்கலாம்ல?”

“மறுநாள்தான் தொடச்சேன். கருப்பா இருந்த செல்லுக்கா. சந்தனம் போன பொறவும் மஞ்சளாவே இருந்துச்சு.”