தடமில்லாப் புல்வெளி

புல்லுக்குக் காலையில்தான் தண்ணீர் விட வேண்டும். மாலையில் விட்டால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். நேற்று உங்கள் ஆட்கள் ஐந்து மணிக்கு மேல் குழாயைத் திறந்து கால் கழுவினார்கள். சொல்லலாமா என்று நினைத்தேன். போலீஸ்காரர்களுக்கு நாம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். எனக்கு இயல்பாகவே வாய் குறைவு.

புல்வெளி நடுவில் அந்த ஒரு சதுரம் மட்டும் ஏன் கரும்பச்சையாக இருக்கிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்ல வரும். ஆய்வகக் குறிப்பேடு எழுதிப் பழகிய கை.

தாவரவியல் முடித்துவிட்டு மூன்று வருடம் அக்கா வீட்டில் இருந்தேன். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் என் பாய். மாமா நல்லவர். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது மட்டும் கரண்டியைப் பார்ப்பார். இந்த அலுவலகத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்த அன்று, "பட்டம் வாங்கினவ புல்லு புடுங்கப் போறா" என்றார். அக்காவும் சிரித்தாள். பரவாயில்லை. வேலையோடு கருவிக் கிடங்கின் மேல் ஓர் அறையும் கொடுத்தார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை என் வாழ்க்கையில் அதுதான் முதல்.

ஒப்பந்தத்தை முழுவதும் படித்த ஒரே ஆள் நான்தான். பதினான்காம் பிரிவு இப்படிச் சொல்கிறது: புல்வெளியில் நடைத்தடம் காணப்படலாகாது. தொடர்ந்து மூன்று ஆய்வுகளில் தடம் தெரிந்தால் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் போனால் அறை போகும். அறை போனால் சோபாவும் கரண்டியும்.

வாசலில் இருந்து மனு கொடுக்கும் ஜன்னலுக்குச் சிமெண்ட் பாதை வில் மாதிரி வளைந்து போகிறது. நூற்று நாற்பது காலடி. புல்வெளியில் குறுக்கே போனால் ஐம்பத்திரண்டு. எல்லோரும் வளைந்துதான் போனார்கள், ஒருவரைத் தவிர.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'நாளைக்கு'. அவர் மனைவியின் பெயரில் ஓர் எழுத்துக்கு மேல் இருக்க வேண்டிய புள்ளி ஆவணத்தில் விட்டுப்போயிருந்தது. புள்ளி இல்லாததால் அந்த அம்மா அரசாங்கத்துக்கு வேறு யாரோ ஆகிவிட்டார். திருத்தக் கேட்டால் ஜன்னலில் "நாளைக்கு வாங்க" என்பார்கள். அவர் வந்துவிடுவார். நான்கு வருடம். அரசாங்கம் சொன்னதை அவரைப் போல எழுத்துக்கு எழுத்து மதித்தவர் யாரும் இல்லை. புல்வெளியில் நான் வைத்த பலகையைத்தான் மதிக்கவில்லை.

பலகையில் வாசகம் நானே யோசித்தது. 'மிதிக்காதீர்கள். புல்லும் ஓர் உயிர்.' அவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"நானும் ஒரு உயிருதான் பாப்பா. முட்டி தேஞ்சுபோன உயிரு. எனக்கும் ஒரு போர்டு வெச்சுக் குடேன்."

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். பிறகு கயிறு கட்டினேன், தாண்டினார். முள்செடி நட்டேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டினார். கடைசியில் ஜன்னல் குமாஸ்தாவிடமே போய், அந்த ஒரு புள்ளியை வைத்துவிடக்கூடாதா என்று கேட்டேன். "புள்ளி சின்னதும்மா, ஃபைல் பெருசு. நீ உன் புல்லைப் பாரு" என்றார். நியாயமான பேச்சு. என் புல்லைப் பார்த்தேன்.

முதல் ஆய்வில் தடம் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது.

புல்வெளியின் நடுவே பழைய மழைநீர்த் தொட்டி ஒன்று, எட்டடி ஆழம், மூடி உடைந்து கிடந்தது. அதை மூடச் சொல்லி நான்கு கடிதம் எழுதியிருந்தேன். நகல்கள் அலமாரியில் இருக்கின்றன. தொட்டி கட்டடப் பிரிவுடையது என்று தோட்டப் பிரிவும், சுற்றிலும் புல் இருப்பதால் தோட்டப் பிரிவுடையது என்று கட்டடப் பிரிவும் பதில் எழுதின. 'நாளைக்கு' தினமும் அதன் ஓரமாக அரைக் காலடி விலகிப் போவார். மூன்றாம் ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு அதிசயமாக உத்தரவு வந்தது: மண்ணிட்டு மூடுக. மண் லாரி ஆய்வு நாள் மாலையில்தான் வரும் என்றார்கள். ஆய்வு காலை பதினோரு மணிக்கு.

தடத்தை முழுக்கக் கொத்திப் புதுப் புல் பதித்தேன். வாயைப் பிளந்துகொண்டு கிடந்த தொட்டியின் மேல் நான்கு மூங்கில் தப்பை வைத்து, அதன்மேல் பாய் போலச் சுருட்டி வரும் புல்சுருளை விரித்தேன். எடை போட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். புல்லைத் தாங்கும்.

பத்தேகாலுக்கு அவர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார். புல்வெளி ஓரத்தில் நின்று பார்த்தார்.

"அட, குழியை மூடிட்டியா பாப்பா?"

"மூடியாச்சுங்க ஐயா" என்றேன்.

"நல்ல காரியம். இன்னைக்கு எனக்கும் வேலை முடிஞ்சுது. புள்ளி வெச்சாச்சாம், வந்து வாங்கிக்கச் சொன்னாங்க. இனிமே உன் புல்லுப் பக்கமே வரமாட்டேன், போதுமா?"

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடத் தரவு ஒரு பக்கம், ஒரு வாய்ப்பேச்சு இன்னொரு பக்கம். அறிவியல் படித்தவர் யாரானாலும் தரவைத்தான் நம்புவார். இடது ஓரத்தில் நட்ட செடிக்குப் பாத்தி கட்டப் போய்விட்டேன். இந்த முறை அவர் அரைக் காலடி விலகவில்லை.

மாற்றுச் சுருள் இரண்டு எப்போதும் நிழலில் வைத்திருப்பேன். இந்த முறை அடியில் பலகை கொடுத்தேன். இருபது நிமிட வேலை.

ஆய்வு அதிகாரி நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். அவர் நடுவில் நின்றபோது ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், "டோக்கன் நாற்பத்தேழு." கீழேயிருந்து, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று கேட்டது. தெளிவாகவே கேட்டது.

"யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?" என்றார் அதிகாரி.

"வரிசையில நிக்கறவங்க சார். தினமும் இப்படித்தான்" என்றேன்.

இரண்டாம் முறை நாற்பத்தேழு என்று கூப்பிட்டபோது, புதிய புல்வெட்டும் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று அவருக்குக் காட்டினேன். மூன்றாம் முறை கூப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த இயந்திரத்துக்குச் சத்தம் அதிகம். ஆள் வராததால் மனு முடித்துவைக்கப்பட்டதாக மறுநாள் குமாஸ்தா சொன்னார்.

தடம் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொடுத்த தாளை என் அறையில் ஒட்டியிருக்கிறேன். பார்த்திருப்பீர்கள். அவர் போன பிறகும் இரண்டு மணி வரை வெட்டினேன், அதற்குமேல் தேவைப்படவில்லை. பலகையை எடுத்து, வெட்டின புல்லை உள்ளே தள்ளினேன். ஆறு கூடை. ஏழாவதை மேல்மண்ணில் பரப்ப வைத்திருந்தேன். மாலையில் லாரி வந்து மண் கொட்டியது, அதன்மேல் சுருளை மறுபடி விரித்தேன். இந்த அலுவலகத்தில் குறித்த நாளில் நிறைவேற்றப்பட்ட உத்தரவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மா மறுநாளே தேடி வந்தார். அவரை எனக்குப் பிடிக்கும். தினமும் சிமெண்ட் பாதையில் வளைந்து நூற்று நாற்பது காலடியும் வைத்துத்தான் வருகிறார். ஏனென்று ஒரு நாள் அவரே சொன்னார். "புல்லை மிதிச்சா அந்தப் பொண்ணு வேலைக்கு ஆபத்துன்னு இவரு ஒருநாள் வருத்தப்பட்டாரும்மா. முட்டி சரியானதும் சுத்தியே போயிடறேன்னாரு." எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இதை 'நாளைக்கு' என்னிடமே முதலில் சொல்லியிருக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பச்சைக்கு நீங்கள் நினைக்கும் காரணம் தவறு. புல்வேர் அரையடிக்கு மேல் இறங்காது. அவர் எட்டடியில் இருக்கிறார். ஏழாவது கூடைப் புல் மண்ணோடு கலந்து மேலாக நின்றுவிட்டது, அது மக்கித் தழைச்சத்து தருகிறது. அவ்வளவுதான். நான் யாரையும் தள்ளவில்லை. புல்தான் விரித்தேன். கேட்டதற்கு ஒரு சொல் பதில் சொன்னேன்.

வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். தோண்டுவதற்கு முன் புல்லை ஓரடிச் சதுரங்களாக வெட்டி, வேர் அறாமல் எடுத்து, நிழலில் வைத்து ஈரச்சாக்கு போடச் சொல்லுங்கள். பாவம், அதுவும் ஓர் உயிர்தானே.