மூன்று கிழமை ஓய்வு

முத்திரை மை காய ஒரு நிமிடம் விடவேண்டும். பெரும்பாலானவர்கள் விடுவதில்லை. தாளை வாங்கிய கையோடு மடித்துவிடுவார்கள். பிறகு பெயருக்கு மேல் மை படிந்து, அரசாங்கக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று என்னிடமே வந்து குறைசொல்வார்கள். பதினாறு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்குக் களைத்துவிட்டது. நீங்கள் மேசையில் வைத்திருக்கிற அந்தத் தாளைப் பாருங்கள். மை எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது. அவசரப்படாமல் செய்த வேலை அது.

நீங்கள் வெருகல் பக்கம் என்று சொன்னீர்கள், அதனால் வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்கிறேன். என் பெயர் ஜெயரூபி. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் செய்வேன். நீதிமன்றத்துக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. பத்து மணியளவில் வாழைப்பழத் தோலுக்காக மான்கள் வாசலில் வந்து நிற்கும், ஆட்கள் அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். இந்த ஊரில் சிங்களத்தில் கடிதம் வந்தால் பலர் உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். நல்லதா கெட்டதா என்பதை முதலில் என் முகத்தில்தான் பார்ப்பார்கள். அது ஒரு பாரம். யாரும் அதற்குச் சம்பளம் தருவதில்லை.

வீடு லிங்கநகரில். நானும் தங்கை தர்சிகாவும் மட்டும்தான். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. பிறகு எனக்கு இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டையும் வேண்டாம் என்றேன். யாரும் கேட்டு அதை நான் செய்யவில்லை, நானாகச் செய்தேன். அதனால் அதைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை.

தர்சிகாவின் பாட்டுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் பாட்டை அவள் பதினைந்து வயதில் கட்டினாள். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, பள்ளிக்கூடச் சீருடையோடு போய் முனீப்பின் கடையில் பாடினாள். முனீப் கிண்ணியாக்காரன், அப்போது கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கடையின் பின்னறைச் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டி, அதை ஒலிப்பதிவுக்கூடம் என்று சொல்வான். அந்தப் பாட்டு என்னைப் பற்றியது.

*எங்கட வீட்டில எல்லாத்துக்கும் சீல்,*
*சோத்துக்கும் சீல், சிரிப்புக்கும் சீல்,*
*ஆறு மணிக்கு வாசலில அக்கா,*
*அக்கா கையில இன்னுமொரு சீல்.*

ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், கனடாவில் இருந்தவர்கள்கூட அதைப் பாடினார்கள். நான் ஊருக்கு 'சீல் அக்கா' ஆனேன். சட்டத்தரணிகளின் எழுதுவினைஞர்கள் என் அறையைக் கடக்கும்போது மெதுவாக முனகிக்கொண்டு போவார்கள். மீன் வாங்கப் போனால் நஸ்ரியா கூடையைத் திறந்து, "சீல் அக்கா, இந்தப் பாரைக்கும் ஒண்டு குத்திவிடுங்கோவன், விலை கூடப் போகும்" என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நான் கோபப்படவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு எட்டு ஒன்பது வருடம் அவள் பாடிக்கொண்டே இருந்தாள். சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பற்றிப் பாடினாள், சல்லிக் கரையில் வலை இழுப்பவர்களைப் பற்றிப் பாடினாள். எதைப் பற்றிப் பாடினாலும் அதில் எங்கோ ஓர் அக்கா வந்துவிடுவாள். பெரும்பாலும் கதவடியில் நிற்பாள். மேடை ஒப்பந்தம், விசா விண்ணப்பம், வங்கிக் கடிதம் எல்லாம் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒன்றில்கூடப் பிழை வந்ததில்லை. அவள் ஏன் அந்த மருத்துவ அறிக்கையை வேறு யாரிடமும் காட்டவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். இதுதான் காரணம்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் முனீப் என் அறைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"ரூபியக்கா, பிள்ளைக்கு ஆறு நாட்டில மேடை. பரிஸ், லண்டன், எல்லாம் கிடக்கு. காயிதம் எல்லாம் நீங்கதான் பார்க்கோணும்."

"எப்ப திரும்பி வருவா?"

"திரும்பியோ?" அவன் சிரித்தான். "அங்க போய்ப் பாடின ஆக்கள் ஆரும் திரும்பி வந்து இஞ்ச குந்தியிருக்கிறாங்களா? நீங்களும் போங்கோவன். அங்கயும் ஆக்கள் காணி உறுதி வெச்சிருப்பாங்கதானே, குத்திக் குடுக்கலாம்."

நான் கடிதங்களை வாங்கி வைத்தேன். அன்றைக்கே தொடங்கினேன். மூன்று நாளில் முடித்தேன். நல்ல மொழிபெயர்ப்பு.

பயிற்சி நாட்களில் அவளுடைய குரல் உடையத் தொடங்கியது. மேலே போகும்போது காற்று மட்டும் வந்தது. கொழும்பில் தொண்டை வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர்; தமிழ் தெரியாது என்பதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டார். தொண்டைக்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "சின்னதாக இரண்டு தடிப்பு. பாடுபவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வருவதுதான். மூன்று கிழமை ஓய்வு, பிறகு கொஞ்சம் பயிற்சி. பயப்பட ஒன்றுமில்லை."

தர்சிகா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம் அக்கா?"

மொழிபெயர்ப்பில் நான் எப்போதும் ஒரு கணம் எடுத்துக்கொள்வேன். அந்தக் கணத்தில் எனக்கு அவளுடைய விமான நேரம் ஞாபகம் வந்தது, அவளுக்காக நான் ஆறு மணிக்குப் போட்டுவைக்கிற வாசல் விளக்கு ஞாபகம் வந்தது. வேறு பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை.

"ஒரு வருசம் வாயே திறக்க ஏலாதாம்," என்றேன். "திறந்தால் பிறகு குரல் வராதாம்."

"அவர் சிரிச்சுச் சிரிச்செல்லோ சொன்னவர்?"

"உன்னைப் பயப்படுத்தக் கூடாது எண்டு சிரிக்கிறார்."

அவள் வைத்தியரைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து பேசவில்லை. அவ்வளவு கீழ்ப்படிவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

வைத்தியர் தந்த அறிக்கை என் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டில் எழுதித் தந்தாள்: 'அறிக்கையைத் தமிழில் எழுதித் தாங்கோ. முனீப் நானாவுக்குக் காட்ட வேணும்.' அப்படித்தான் நீங்கள் வைத்திருக்கிற தாள் உண்டானது. வாயால் சொன்னது ஒரு கணத்தில் நடந்தது என்று நான் சொல்லலாம். தாளை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதினேன். வைத்தியரின் நடையிலேயே எழுதினேன். அடியில் 'மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு' என்று முத்திரை குத்தி, மை காயும்வரை காத்திருந்தேன். முனீப் அதை வாசித்துவிட்டு அழுதான். பயணம் நின்றது. அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த மாதங்கள் நல்ல மாதங்கள். உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து புட்டு அவிப்போம். நான் கந்தோர்க் கதைகள் சொல்வேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் அவளுக்கு ஒரு மெட்டு வந்துவிடும், எழுந்து போய்விடுவாள். இப்போது கடைசிவரை கேட்டாள்.

சில விதிகளை நானாகச் சேர்த்தேன். கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதி என்றேன். அதை வைத்தியர்களும் சொல்வதுண்டு என்று பின்னர் வாசித்தேன், ஆகவே அது பொய்யில்லை. சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்றேன். அவள் மனதுக்குள் மெட்டுக் கட்டி, விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருப்பாள். நினைத்தாலே தொண்டை அசையும், அதுவும் வேண்டாம் என்றேன். விரலை மடித்துக்கொண்டாள்.

சாம்பல்தீவில் எங்கள் பெரியம்மா தங்கரத்தினம் செத்தபோது எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள். தர்சிகா துவாய் நுனியை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதாள். "இந்தப் பெட்டைக்கு நெஞ்சு கல்லு" என்று ஒருத்தி சொன்னாள். நான் திருத்தவில்லை. இன்னொரு நாள் குசினியில் கொதித்த எண்ணெய் அவள் கையில் கொட்டிவிட்டது. நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன், நிலத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். எவ்வளவு நல்ல பிள்ளை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

முதல் பரிசோதனைக்குப் போனபோது வைத்தியர் தடிப்புப் போய்விட்டது என்றார். மாற்றமில்லையாம் என்றேன். ஏன் இந்தப் பிள்ளை பேசுவதில்லை என்று அவர் கேட்டதற்கு, கூச்ச சுபாவம் என்று சிங்களத்தில் சொன்னேன். வருடம் முடிந்ததும், இன்னும் ஒரு வருடமாம் என்றேன். அதற்குக் கொழும்புக்கே போகவில்லை. தொலைபேசியில் கேட்டதாகச் சொன்னேன்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். வாய் மூடியிருப்பவளுக்குக் காது சும்மாதானே இருக்கும். நான் கந்தோருக்குப் போன பிறகு கைப்பேசியில் சிங்களப் பாடம் கேட்டிருக்கிறாள், ஒன்றரை வருடமாக. எனக்குச் சுமை குறையட்டும் என்றுதான் தொடங்கினாள் என நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குரல் வந்ததும் ஒருநாள் சிங்களத்தில் பேசி என்னைத் திகைக்கவைக்க நினைத்தாளாம்.

கடைசியாக அவளே எழுதிக் கேட்டதால் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் பார்த்துவிட்டு என்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். "இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. போனமுறையும் சொன்னேனே. ஏன் இன்னும் பேசாமல் வைத்திருக்கிறீர்கள்?" நான் தர்சிகாவிடம் திரும்பி, "பொறுமையா இருக்கட்டாம்" என்றேன். அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பது மாதம் பழகியவள்தானே.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தாள். நான் வாங்கிக்கொடுத்த தோடம்பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தாள். அதை ஏன் தந்தாள் என்று இன்னும் யோசிக்கிறேன். ஹபரணைக்குக் கிட்ட வந்ததும் எழுந்து நடத்துநரிடம் போய், பஸ்ஸை நிற்பாட்டுங்கள், நான் இறங்கவேண்டும் என்றாள். சிங்களத்தில். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவளுடைய குரலை அப்போதுதான் கேட்டேன். பாவிக்காத கதவுபோலக் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் குரல் இருந்தது. ஒரு சொல்லின் உச்சரிப்பில் சின்னப் பிழையும் இருந்தது. திருத்துவதற்கு எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். பஸ் எடுத்துவிட்டது.

ஆகவே, ஓம். வைத்தியர் சொன்னதை மூன்று தடவை மாற்றிச் சொன்னேன். ஒரு தடவை அவர் சொல்லாததையே சொன்னேன். எழுத்திலும் மாற்றி முத்திரை குத்தினேன். சுகமாக இருந்தவளை ஊமையாக வைத்திருந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. முனீப்புக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பாட்டின் மேல் கோபத்தில் செய்தேன் என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அது பிழை. அவளுடைய குரல் ஊர் ஊராகப் போய்த் தேய்ந்துவிடக் கூடாது என்றுதான் பொத்தி வைத்தேன். எனக்கென்று எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

நேற்று உங்கள் கைப்பேசியில் அவளுடைய புதுப்பாட்டைப் போட்டீர்கள். நான் குற்ற உணர்ச்சியில் அழுகிறேன் என்று நினைத்து நிற்பாட்டினீர்கள். பிறகு இன்னும் இரண்டு தடவை போடச் சொன்னேன், ஞாபகமிருக்கும். கவனமாகக் கேட்டேன். கடல் வருகிறது. பஸ் வருகிறது. தோடம்பழம்கூட வருகிறது. அக்கா வரவில்லை.

நான் எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் அவளைக் காணும்போது ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரு வரி போதும், கதவடியில் என்றாலும் சரி. சீல் அக்கா என்றே போடட்டும்.