அங்கத்தெ 91, இங்கத்தெ 91

பாறசாலை பெட்ரோல் பம்புல, எனக்கெ ஓட்டை ஸ்கூட்டரோட வரிசையில நின்னேன். மேட்டுல ஏறாத வண்டி, ஏழாங்கிளாஸ் ஏறாத நான். நல்ல ஜோடி. முன்னால ஒரு காரு, கண்ணாடி இறங்கிக் கிடந்துது. உள்ள ரெண்டு பேரு. ஒருத்தன் அப்பனுக்க அடக்கத்துக்கு அமெரிக்காவுல இருந்து வந்தவன். ஓட்டுனது அவனுக்க பெரியப்பா மகன். பேச்சுல இருந்து பிடிகிட்டிச்சு.

"அப்பாவைக் கொன்னது நான் சொன்ன நம்பராக்கும், அண்ணா."

"எலே, சும்ம இரு."

"இந்தக் காருக்க புக்கை அங்க நெட்டுல பாத்து, பெட்ரோலுக்க ஆக்டேன் நம்பரு 91 போதும், சாதா பெட்ரோலே அடியுங்கன்னு நான்தானே சொன்னேன்?"

"அங்கத்தெ 91-ம் இங்கத்தெ 91-ம் ஒண்ணில்ல மக்கா. அவனுவ அளக்குற கணக்கு வேற. அவனுக்க 91 இங்க 95 ஆக்கும். ஒர்க்‌ஷாப்புல பிறகுதான் சொன்னானுவ."

எனக்கு நம்பர்னா லாட்டரிதான். அதுவும் அடிச்சதில்ல.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவும்போ, அம்பூரி ஏத்தத்துல வண்டி இழுத்துதா?"

"எஞ்சின் டக்டக்குன்னு அடிச்சுது, இழுக்கல்ல. ஏசியை ஆஃப் பண்ணுனேன். அப்பவும் இழுக்கல்ல."

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

"பெட்ரோலு செரியில்லன்னு நான் சொன்னேன். நெஞ்சைப் பிடிச்சிட்டு சித்தப்பா சொன்னாரு, 'அதைக் குறை சொல்லாதே, மகன் பாத்துச் சொன்னதாக்கும்'னு."

வரிசை நகந்துது. பம்புல நின்ன பொண்ணு, "சேட்டா, சாதாவா, 95-ஆ?"ன்னு கேட்டா.

அமெரிக்காக்காரன் தலையை வெளியே நீட்டுனான்.

"95. ஃபுல்லா அடியுங்க. வீட்டுல அம்மா உண்டு."