பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே

கையுறை போட்டே வேலை செய்து பழகியவர்களுக்கு வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாது. உட்காருவதற்கு முன்னால் நான் மேசையைத் துடைத்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அறை சுத்தமாகத்தான் இருக்கிறது.

நிதானமாகச் சொல்கிறேன். அவசரப்பட்டால் எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயம். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அது சரிதானா என்று மனசுக்குள் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். அதனால்தான் அக்கா எனக்கு ஆமை என்று பேர் வைத்தாள். வீட்டில் எல்லாருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அக்காவின் மகள் பாப்பா பேச ஆரம்பித்த புதிதில் என்னை ‘ஆமைச் சித்தி’ என்றுதான் கூப்பிட்டாள்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மருத்துவமனையின் பின்கட்டிடத்தில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. அதில் சாயமிடும் அறையில் நான் இருந்தேன். ஊசி விட்டு எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக்கட்டிக்குள் பதித்து எங்களிடம் அனுப்புவார்கள். அதை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால்கூடச் சுருண்டுவிடும்.

புற்றுச் செல்லின் மேற்பரப்பில் ஹெர்-டூ என்று ஒரு புரதம் உண்டு. ஸ்லைடின் மேல் ஆன்டிபாடியைச் சொட்டினால், அது அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடமெல்லாம் பழுப்பாகும்படி அதன்பிறகு சாயம் ஏற்றுவோம். பழுப்பு எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துப் பெரிய டாக்டர் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடுவார். முன்பெல்லாம் மூன்று வாங்கியவர்களுக்கு அதற்கென்றே மருந்து இருந்தது. இரண்டு வாங்கியவர்களுக்கு இன்னொரு சோதனை செய்வார்கள். ஒன்றும் பூஜ்யமும் ஒரே குப்பைக்கூடைதான். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மங்கலான பழுப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு புதிய ஆய்வுகள் வந்தன. ஆன்டிபாடியின் முதுகில் விஷத்தை ஏற்றி அனுப்பும் ஒரு மருந்து. செல்லில் புரதம் கொஞ்சமே இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. மங்கலாக இருந்த பெண்களுக்கும் கட்டி சுருங்கியது. எங்கள் மருத்துவமனையில் ஒன்று வாங்கினால் அந்த மருந்து உண்டு. பூஜ்யம் வாங்கினால் கிடையாது. நேற்றுவரை யாரும் திரும்பிப் பார்க்காத இடைவெளியில் இப்போது மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அக்காவுக்கு முதல்முறை நோய் வந்தபோது மரபணுச் சோதனையும் செய்தார்கள். அப்பா வழியில் வந்த பழுது அவளிடம் இருந்தது. உடன்பிறந்தவள் என்பதால் என்னையும் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். எனக்கு இல்லை. முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடம் நிறைய உறவுக்காரர்கள். நான் தட்டில் காபி எடுத்துக்கொண்டு வந்தேன்.

“அந்த ஆண்டவனுக்குக் கணக்கே தெரியலை,” என்றாள் அக்கா. “நியாயமாப் பாத்தா இந்த ஆமைக்குத்தான் வந்திருக்கணும். இவளுக்குப் புருஷனா, புள்ளையா? போனா கழுவற டம்ளர்ல ஒண்ணு குறையும், அவ்வளவுதான்.”

கூடமே சிரித்தது. அத்தான் மட்டும், “ஏய், சும்மா இருடி,” என்றார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். சொல்கிற முறையும் அவளுக்குக் கைவந்த கலை.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு டம்ளருக்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அவளுக்கு உடம்பு சரியில்லாத அந்த வருஷம் முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன். வாந்தி எடுக்கக் கிண்ணம் பிடித்தேன். தலையணையில் உதிர்ந்த முடியை அவள் விழிப்பதற்குள் பொறுக்கி எடுத்தேன். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவந்தேன். பட்டப் படிப்பு பாதியில் நின்றது. அவள் தேறி எழுந்தபின் மாலைக் கல்லூரியில் மறுபடி சேர்ந்தேன். “ராப்பள்ளிக்கூடத்துல படிச்சு டாக்டர் ஆயிடுவியா? ஆமை மலையேறப் போவுதாம், எல்லாரும் வழி விடுங்க!” என்றாள். அதற்கும் கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆள் இல்லாதபோது அவள் எதையும் சொன்னதில்லை. ஒருவகையில் அது நேர்மைதான்.

இந்த வருஷம் நோய் ஈரலுக்கு வந்துவிட்டது. புதிய மருந்துக்கு அவள் தகுதியா என்று பார்க்க ஈரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். எங்கள் அறைக்கு எதுவும் பேர் போட்டு வராது, எண் மட்டும்தான். சொந்தக்காரர்களுடையது என்று தெரிந்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் அக்கா தன் கோப்பில் ஒட்டியிருந்த எண்ணை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“நல்லாப் பாத்துக்கோ ஆமை. ஊருல இருக்கறவளுக்கெல்லாம் சாயம் பூசற. எனக்குக் கொஞ்சம் அழகாப் பூசு.”

அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்லூரியை இந்த முறையும் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். கேட்டார் என்பது சரியில்லை. சொன்னார்.

அந்த எண் மறுநாள் என் மேசைக்கு வந்தது. பக்கத்தில் சீனியர் இருந்தார். மணி அடிக்கும் முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொள்வார் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பேர். அவரிடம் கொடுத்திருக்கலாம். இவர் கொஞ்சம் அவசரக்காரர், அக்காவுடையதை இவரிடம் கொடுப்பதா என்று எனக்குச் சந்தேகம். நானே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆன்டிபாடி சற்று நீர்த்துப்போயிருந்தது.

இல்லை, அந்த வாக்கியம் சரியில்லை. நீர்க்க வைத்தது நான். அவள் ஸ்லைடுக்கு மட்டும்.

எப்படிக் கண்டுபிடிக்காமல் போனார்கள் என்று கேட்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் கன்ட்ரோல் என்று ஒரு துண்டை ஒட்டுவோம். அது மூன்று மதிப்பெண் வாங்கிய கட்டியிலிருந்து எடுத்தது. சாயம் வேலை செய்ததா என்று டாக்டர் முதலில் அதைத்தான் பார்ப்பார். அது பழுப்பானால் மற்றதை நம்புவார். மூன்று என்பது சத்தமாகக் கத்துகிற துண்டு. பாதிக் கரைசலை ஊற்றினாலும் கத்தும். ஒன்று என்பது முணுமுணுப்பு. நீர்த்த கரைசலில் முதலில் அடங்கிப்போவது முணுமுணுப்புதான். மூன்றை மட்டும் தேடிய காலத்தில் ஏற்படுத்திய முறை அது. ஒன்றைத் தேட ஆரம்பித்தபிறகும் முறையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

பூஜ்யம் என்று முடிவு வந்தது. அக்காவுக்குப் பழைய மருந்துகளையே திரும்பக் கொடுத்தார்கள். வாயெல்லாம் புண். பேச்சு குறைந்தது. வீட்டுக்கு ஆட்கள் வருவதும் குறைந்தது. பேசுகிறவள் பேசாமல் போனால் கூடத்துக்கு யார் வருவார்கள்?

ஒரு மத்தியானம் நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

“ஆமை.”

“என்னக்கா? கூப்பிட்டா வந்திருப்பேன்ல.”

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன்ல, உனக்கு வந்திருக்கணும்னு. அது தப்புடி. பயத்துல உளறிட்டேன். உனக்கு இல்லேன்னு தெரிஞ்சதும், ராத்திரி பாத்ரூம்ல போய் அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன்னு இப்பத் தோணுது. அப்பத் தெரியலை.”

“அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்க்கா.”

“நீ மறக்கற ஆளா? தப்புப் புள்ளியக்கூட ரப்பர் வெச்சு மூணு தடவை அழிக்கறவ.” சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துவிட்டேன்.

இதைப் பற்றி நிறைய யோசித்தேன். அவமானம் கூடத்தில், மன்னிப்பு சமையலறையில். சாட்சியோடு செய்ததைச் சாட்சி இல்லாமல் சரிக்கட்டிவிட முடியுமா? நான் நியாயம் பேசுகிறேனா, வீம்பு பேசுகிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

சரி, கேள்வி கேட்பது நீங்கள்தான்.

சில வாரம் கழித்துப் பெரிய டாக்டர் ஏதோ புதிய ஆய்வைப் படித்துவிட்டு எங்கள் அறைக்கு வந்தார். “பூஜ்யம்னு அனுப்பினதெல்லாம் உண்மையிலேயே பூஜ்யம்தானான்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு,” என்றார். பூஜ்யங்கள் எல்லாவற்றையும் மறுபடி சீவிச் சாயமிட வேண்டும். இந்த முறை ஓரத்தில் ஒரு மங்கல் துண்டையும் சேர்த்து ஒட்ட வேண்டும். முணுமுணுப்புக்கு முணுமுணுப்பே சாட்சி. சரியான யோசனை. “உன்னை மாதிரி நிதானமா செய்யறவங்கதான் இதுக்கு வேணும்,” என்று என்னிடமே கொடுத்தார்.

முதல் முறை நடந்ததைக் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை யாருக்கும் தெரியாமல் அழித்துவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஒழுங்காகச் சாயம் போட்டால் போதும். ஒன்று என்று வரும். பழைய முறையின் குறை என்று எல்லாரும் சொல்வார்கள். அக்காவுக்கு மருந்து கிடைக்கும். அவள் மெழுகுக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன்.

மாலைக் கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார் ஒன்று சொல்வார்: நூறு பேரைப் பற்றிச் சொன்னது ஒருத்தரைப் பற்றிச் சொன்னதாகாது. ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. அக்கா மற்றப் பாதியில் இருந்திருக்கலாம். மரபணுவும் பாதிக்குப் பாதிதான், அதை மட்டும் யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்? மருந்து பலிக்காமல் போயிருந்தால் வீண் நம்பிக்கைதான் மிஞ்சியிருக்கும். அவளுக்கு ஏமாற்றம் தாங்காது. எனக்குத் தாங்கும், பழக்கம்.

இந்தமுறை நீர்க்க வைக்க முடியாது, மங்கல் துண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நிஜமாகவே பூஜ்யமான வேறொரு பெண்ணின் மெழுகுக்கட்டியில் ஒரு சீவல் கூடுதலாக எடுத்து, அக்காவின் எண் இருந்த ஸ்லைடில் ஏந்தினேன். அந்தப் பெண்ணுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அவளுடைய சோதனையை ஒழுங்காகவே செய்தேன்.

அங்கேதான் பிசகினேன். ஒரே மெழுகுக்கட்டியிலிருந்து வரும் சீவல்கள் கூடப்பிறந்தவை மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கு முன் பழைய ஸ்லைடையும் புதியதையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் எப்போதும் நிறத்தையே பார்க்கிறவள். உருவத்தைப் பார்க்க விட்டுப்போனது.

ஆனால் அவர் தூக்கிப் பிடித்தது உடனே இல்லை. ஆய்வை எழுதி முடிக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒருதரம் சரிபார்த்தபோதுதான். அந்த இடைவெளியில் அக்காவின் கண் மஞ்சளாகிவிட்டது. கடிகாரத்திடம் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார். அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து செய்தார். ஒன்று என்று வந்தது. யார் பார்த்தாலும் தெரிகிற, தெளிவான ஒன்று. அதற்குள் அந்த மருந்தைத் தாங்க அவளுக்கு ஈரல் மிச்சமில்லை.

நான் செய்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லையாம். சாகிறவரைக்கும், “ஆமை எங்கே? ராப்பள்ளிக்கூடமா?” என்று கேட்டிருக்கிறாள். அத்தான்தான் இதை எனக்குச் சொன்னார். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் செய்தது நான். தெரிந்துதான் செய்தேன். முதல் முறை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், இரண்டாவது முறை பார்க்கவில்லை. அவள் பிழைக்கக்கூடாது என்று நினைத்தேனா என்று கேட்டால், அப்படி ஒரு வாக்கியத்தை நான் எப்போதும் நினைத்ததில்லை. ஒரு நிறத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அவ்வளவுதான் என் கை செய்தது.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. பாப்பா வளர்ந்ததும் அவளுக்கும் அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். பாதிக்குப் பாதி. என்னை எத்தனை வருஷம் உள்ளே வைப்பீர்களோ தெரியாது, அதற்குள் வெளியே வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தையின் சோதனையை முன்பின் தெரியாத யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள். அவளிடம் பாசம் உள்ளவர்கள் யாராவது, பொறுமையாக, பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை அது.