துவைக்காத சட்டை

எண்ணூர் போகும் மின்சார ரயிலில், துபாயிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய ஒருவரும் அவரைக் கூட்டிப்போக வந்தவரும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிப்போக வந்தவர்தான் ஆரம்பித்தார்.

“செத்துப்போன எங்க மாமா சட்டைய நீ எதுக்கு நைனா மாட்டிகினு வந்தே?”

“கைப்பைக்கு ஏழு கிலோதான்னு கவுண்டர்ல கறாரா சொல்ட்டான்பா. பை முழுக்க உங்க மாமா சாமான். என் சட்டை ரெண்டையும் மேல மேல போட்டுகினேன், அப்பவும் வெயிட்டு ஜாஸ்தி. பின்னாடி கியூல கத்துறாங்க. கைக்கு வந்தத எடுத்து மாட்டிகினேன்.”

“அக்கா போன்ல உன்னாண்ட இன்னா சொல்லிச்சு?”

“எங்க ரூம்ல ஆணில தொங்கற அவரு சட்டைய துவைக்காம அப்டியே கொண்டாரச் சொல்லிச்சு.”

“எதுக்கு?”

“அவரு வாசனைக்கு.”

ரயில் திருவொற்றியூரைத் தாண்டியபோது, கூட்டிப்போக வந்தவர் கை நீட்டி அந்தச் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

“நானும் துவைக்கலபா, சத்தியமா. மூணு சட்டையில வேர்த்து ஊத்திச்சு, அவ்ளோதான்.”

“கழட்டு.”

கழற்றிக் கொடுத்தார். மற்றவர் அதை முகத்தில் வைத்து முகர்ந்தார்.

“இன்னாபா, அவரு வாசனை கீதா?”

“உன் வாசனைதான் கீது.” சட்டையை மடித்துப் பையில் வைத்தார். “அக்காவாண்ட வாய தொறக்காத. அவருதுன்னு நெனச்சே அழுவட்டும்.”